மேன்ஹோல் வாயிலில் வேத வாசிப்பு

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு ஷிப்யார்டில் (கப்பல் தளத்தில்) வேலை செய்கிறேன். கப்பல் டேங்குக்குள் ஆள் இறங்கும்போது, அதன் மேன்ஹோல் வாயிலில் அவர்களைக் கவனிக்கும் அட்டெண்டன்ட்டாக நிற்பது என் பொறுப்பு. சும்மா நிற்கிற நேரத்தில் கைப்பேசியில் வேதம் (பைபிள்) வாசித்தேன். சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். விசுவாசத்துக்காக வந்த பாடு என்று சகித்துக்கொள்ளவா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடவா? ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கடி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். – வாசகர், ஜூரோங்

பதில்: தம்பி, இது பாடு அல்ல. அந்தக் கடிதம் நியாயமானது. ‘சும்மா நிற்கிற நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு கப்பலின் பாலஸ்ட் டேங்குக்குள், அதாவது கப்பல் சாயாமல் நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டிக்குள், இறங்கியிருக்கிறேன். நாலு படி இறங்கியதுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. துருவும் பெயின்டும் கலந்த வாடை. உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்தது. குனிந்து குனிந்து நுழைந்து போனோம். அண்ணாந்து பார்த்தால் ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம், அதில் ஒரு தலை. எங்களில் ஒருவர் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார். மேலேயிருந்து இரண்டு தட்டு பதில் வரும். எங்கள் தைரியமெல்லாம் அந்தப் பதிலில்தான் இருந்தது.

உள்ளே ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். காலையில் சரியாக இருந்த காற்று பிறகு கெட்டுப்போகலாம்; இரும்பு துருப்பிடிப்பதே ஆக்ஸிஜனைக் குடித்துவிடும். மூச்சுக்காற்று குறைவது பல சமயம் உள்ளே இருப்பவனுக்கே தெரியாது, கூப்பிடவும் மாட்டான். பதில் வரவில்லையே என்று பதறி மீட்புக் குழுவை அழைக்க வேண்டியவர் நீங்கள். உள்ளே போனது யார், வெளியே வந்தது யார் என்று எழுதிவைப்பதும் நீங்கள்தான். அந்த நேரத்தில் உங்கள் கண் வேறு எங்கே இருந்தாலும், வேதப்புத்தகத்திலேயே இருந்தாலும், உள்ளே இருப்பவர்களுக்குக் காவல் இல்லை.

‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்று கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது வேலைக்காரர்களுக்குத்தான். ‘எதை’ என்பதில் மேன்ஹோல் வாயிலும் அடக்கம். வாசிக்க லாரிப் பயணம் இருக்கிறது, சாப்பாட்டு நேரம் இருக்கிறது, இரவு இருக்கிறது.

முழுநேர ஊழியம் பற்றி: பவுலே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். கர்த்தர் அழைத்தால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தை அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு விஷயத்தில் உங்கள் மனக்குறை நியாயம். வாரத்துக்கு 1 ஓய்வு நாள் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். அது ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் ஞாயிறு வேண்டும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று எஜமான்களுக்கும் அதே கொலோசெயர் நிருபத்தில் எழுதியிருக்கிறது. பொறுப்பைச் சரியாகப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அப்போதுதான் உங்கள் பேச்சு எடுபடும்.

அப்புறம், நாளைக்கு டேங்கிலிருந்து ஏறி வருகிறவர்களிடம், ‘அன்றைக்கு நான் உங்களைக் கவனிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், இன்னும் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.