கொறங்காட்டை அழித்துத் தென்னை வைக்கலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல் மரங்கள். நாலு காங்கேயம் மாடும் பதினைந்து மேச்சேரி ஆடும் மேய்கின்றன. "இதுல என்ன வருமானம்? போர் போட்டுத் தென்னை வெச்சிரலாம்" என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் ஐயா. தம்பி கேட்பதில் தப்பில்லை. கொறங்காட்டு வருமானம் மொத்தமாகக் கைக்கு வராது, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. விற்ற கிடா, கன்று, பால், எரு, காசு கொடுத்து வாங்காமல் மிச்சமான தீவனம் எல்லாவற்றையும் ஒரு வருடம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் புல்லுக்குக் காட்டைக் குத்தகை விட்டால் என்ன கொடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

அப்புறம் தென்னைக் கணக்கு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். சொட்டுநீரில் விட்டாலும் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் வேண்டும். ஏழு ஏக்கருக்கு 490 மரம், தினமும் கிட்டத்தட்ட 32,000 லிட்டர். வருடத்துக்கு 600 மி.மீ. சொச்சம் மழை பெய்கிற உங்கள் பக்கத்தில், மே மாதம் ஒரு போர் இதைத் தரும் என்று நம்பி இறங்குவது சூதாட்டம். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை மாட்டை எங்கே ஓட்டுவீர்கள்? தண்ணீர் உள்ள பொள்ளாச்சித் தோப்புகளையே 2016-லிருந்து சுருள் வெள்ளை ஈ படுத்துகிறது.

அதற்காக முழுக்க மேய்ச்சலாகவே விடுங்கள் என்று சொல்லவில்லை. காட்டில் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் மூன்றடி தோண்டிப் பாருங்கள். சுக்கான் (இறுகிய சுண்ணாம்புக் கல்) தட்டினால் அந்த இடம் புல்லுக்குத்தான். ஆழமான மண் உள்ள பக்கமாக ஒன்றரை ஏக்கரை மட்டும் பிரித்து, சொட்டுநீரில் முருங்கை வையுங்கள். மூலனூர் சந்தை கிட்டத்தில் இருக்கிறது. விலை சரியும் மாதங்களும் உண்டு. அப்போது சமாளிக்க ஆடு இருக்கும். கிணறு இருந்தால் புது போர் பற்றி இப்போது பேசவே வேண்டாம். தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டி, ஐப்பசி மழையைப் பிடியுங்கள்.

மீதி ஐந்தரை ஏக்கரில்தான் உண்மையான வேலை. சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் வேரோடு பிடுங்குங்கள், மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். வெள்வேலைத் தொடாதீர்கள், புல் காய்ந்த கோடையில் அதன் காய்தான் ஆட்டுக்குத் தீனி. புல் மெலிந்த இடத்தை உழுது, ஏக்கருக்கு 3 கிலோ கொழுக்கட்டைப் புல் விதையை ஈரமணலில் கலந்து, மழைக்கு முன் தூவுங்கள். புதிதாக அறுத்த விதை வாங்காதீர்கள், ஆறேழு மாதம் பழசானால்தான் முளைக்கும். கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைப் போட்டால் மாட்டுக்குப் புரதம் கிடைக்கும். அதன் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். விதைத்த துண்டில் புல் வேர் பிடிக்கும் வரை ஆட்டை விடக் கூடாது. முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள்.

முருங்கைக்குக் குழி எடுக்கும் முன், வரும் மே மாதம் கிணறு எத்தனை மணி நேரம் இறைக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ஒன்றரை ஏக்கரா, ஒன்றா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.