கண் உறுத்தலுக்கு ‘ப்ளூ கட்’ கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை கம்ப்யூட்டர்தான். சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, தண்ணீரும் வடிகிறது. கண்ணாடிக் கடையில் ‘ப்ளூ கட்’ (திரையின் நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். மெடிக்கலில் சொட்டு மருந்தை எடுத்து நீட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கண்ணாடியை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் கண் காய்வது இமைக்க மறப்பதால். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். திரையில் எண்களைத் துரத்தும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். இமைப்பதும் அரைகுறைதான், மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். இமை விளிம்பில் உள்ள சுரப்பிகளின் எண்ணெய், முழுதாக இமைத்தால்தான் நன்றாகப் பிதுங்கி கண்ணீரின் மேல் ஆடை போலப் படரும். அந்த ஆடை கிழிந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காய்ந்த இடம் உறுத்த, கண் அவசரத்துக்கு வெறும் தண்ணீராகக் கொட்டுகிறது. தண்ணீர் வடிந்தும் வறட்சி என்பது இப்படித்தான்.

கண்ணாடிக் கடையில் ஒரு ஊதா டார்ச்சை அட்டையின் மேல் அடித்துக் காட்டுவார்கள். அட்டை நிறம் மாறும். லென்ஸைக் குறுக்கே பிடித்தால் மாறாது. லென்ஸ் அந்த ஊதா ஒளியை மறிக்கிறது, அவ்வளவுதான். கண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வகை லென்ஸ் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 மதிப்பாய்விலும், கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை. பவர் இருந்தால் கண்ணாடி போட்டே ஆக வேண்டும், அது வேறு கணக்கு. அதற்குச் சாதா லென்ஸே போதும்.

மெடிக்கலில் ‘கண் சொட்டு மருந்து’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று கேளுங்கள், அது செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாக வாங்குங்கள். பிரிசர்வேட்டிவாகச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் அதுவே கண்ணை உறுத்தும். நாபாசோலின் என்று லேபிளில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சிவப்பைக் கொஞ்ச நேரம் மறைக்கும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு. சீட்டில்லாமல் தந்தாலும் வாங்கக்கூடாது. நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

புட்டியைத் திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். பெரும்பாலான புட்டிகள் திறந்து ஒரு மாதம்தான். அட்டையில் உள்ள காலாவதித் தேதி திறக்காத புட்டிக்கு. கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும்.

காசில்லாத வேலைகள்தான் அதிகம் கைகொடுக்கும். மானிட்டரைப் பழைய பேரேட்டுக் கட்டுகளின் மேல் தூக்கி வைத்திருந்தால் இறக்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் பார்வை தாழும், கண் திறந்திருக்கும் பரப்பு குறையும். டேபிள் ஃபேனை முகத்திலிருந்து காலுக்குத் திருப்புங்கள். சித்திரை வெயிலில் மனசு வராது, ஆனாலும் திருப்புங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தெருவைப் பார்த்து, கண்ணை முழுக்க மூடி இரண்டு எண்ணித் திறப்பதைப் பத்துத் தடவை செய்யுங்கள். இரவில் வெதுவெதுப்பான துணியால் மூடிய இமைக்கு ஐந்து நிமிடம் ஒத்தடம். தும்மலுக்கு செட்ரிசின் போடும் வழக்கம் இருந்தால் அதுவும் கண்ணைக் காய வைக்கும்.

வலியோ, வெளிச்சக் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் காத்திருக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். மற்றபடி இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும் காட்டிவிடுங்கள். கீழ் இமையில் ஒரு தாள் பட்டையை ஐந்து நிமிடம் செருகி, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார்கள்.

கேள்வி: பன்னீர், விளக்கெண்ணெய் கண்ணுக்குள் விடலாமா? (அலங்காநல்லூர் வாசகி)

பதில்: கூடாது. கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது. நந்தியாவட்டைப் பூவைக் கழுவி மூடிய இமை மேல் வைத்துக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். சாற்றைப் பிழிந்து விடாதீர்கள்.