ஜப்பான் பிள்ளைகள் வருகிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக ஜப்பானிலிருந்து பத்து மாணவர்கள் அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். அதில் இரண்டு பெண்பிள்ளைகள் நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கப்போகிறார்கள். பெயர் கொடுத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வீடு சின்னது. கழிப்பறையை இடித்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கலாமா என்று கணவர் கேட்கிறார். என்ன சமைப்பது என்று மாமியாருக்குக் கவலை. கும்மி, சிலம்பம், கோயில், பட்டுச்சேலையில் போட்டோ என்று காலையிலிருந்து இரவு வரை நிகழ்ச்சி போட்டிருக்கிறோம். ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்ததுதான் என்று வரவேற்புரையில் சொல்லப்போவதாக எங்கள் தமிழாசிரியர் சொல்கிறார். ஜப்பான் மாணவிகள் உங்கள் வீட்டில் தங்கியதாக எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

கே., கோவில்பட்டி

அன்புள்ள கே.,

முதலில், எதையும் இடிக்காதீர்கள். குந்தி உட்காரும் கழிப்பறை ஜப்பானிலும் உண்டு. பழைய பள்ளிக்கூடங்களிலும் ரயில் நிலையங்களிலும் அந்தப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தாள் ஒரு சுருள் வாங்கி வையுங்கள். கழிப்பறை வாசலில் தனியாக ஒரு ஜோடி செருப்பு போடுங்கள், அவர்கள் வீடுகளிலும் அப்படித்தான் வழக்கம். வெளிச்செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. குளியல் மட்டும் வேறு. அங்கே பெரும்பாலும் இரவில்தான் குளிப்பார்கள். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டி வெந்நீருக்குள் இறங்குவார்கள், அந்த ஒரே தண்ணீரில் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பதும் உண்டு. ஒரு வாளி வெந்நீரும் சொம்பும் கொடுத்து, மொண்டு ஊற்றிக் காட்டுங்கள். ராத்திரி தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்று உங்கள் மாமியார் தடுப்பார். என் அம்மாவும் தடுத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் வீடு கும்பகோணத்துப் பக்கம். எங்களிடம் தங்கியவர்கள் இரண்டு கல்லூரி மாணவிகள், மூன்று நாள். முதல் நாள் மதியம் இலை போட்டோம். உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர், நின்று பரிமாறியவர்கள் ஆறு பேர். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதும் அவர்கள் ஊரில் தப்பு. இலை காலியானால் மறுபடி பரிமாறாமல் இருப்பது என் அம்மாவுக்குத் தப்பு. அவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டு முடிக்க, அம்மா மரியாதைக்காக வைக்க, நான்காவது முறை சாதம் விழுந்தபோது சின்னவள் கண்ணில் தண்ணீர் நின்றது. காரம் என்று நினைத்து அம்மா தயிரை ஊற்றினார். இலையை மடிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு ராத்திரிதான் உறைத்தது. நீங்கள் அதை முதல் பந்திக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

அதோடு ஒன்று. நாம் பேசப் பேச அவர்கள் 'ஹாய், ஹாய்' என்று தலையசைப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அதற்குப் பொருள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்பதற்கு அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் காலையில் நடந்ததைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா விடியற்காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் எழுந்து வந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், மூலையில் இருந்த இன்னொரு துடைப்பத்தை எடுத்துத் தானும் கூட்ட ஆரம்பித்தாள். அம்மா பதறிவிட்டார், விருந்தாளி துடைப்பத்தைத் தொடலாமா என்று. அந்தப் பெண் போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் நாங்களேதான் துடைப்போம், மதியச் சாப்பாட்டையும் முறை வைத்து நாங்களே பரிமாறுவோம், நேற்று முழுக்க எல்லோரும் எங்களுக்காக நின்றுகொண்டே இருந்தது கஷ்டமாக இருந்தது.

அதன்பிறகு வாசல் தெளித்தாள். அக்கா அவள் விரலைப் பிடித்துக் கோலமாவை எப்படி விடுவது என்று காட்டினார். புள்ளி கோணலாகப் போயிற்று, அழித்தாள், மறுபடி வைத்தாள். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் வாசலில் இருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இலை போட்டபோது தன் பக்கத்தில் தரையைத் தட்டி, அக்காவை உட்காரச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக அந்த அக்கா பின்கட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் பரிமாறினார். இப்போதும் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பிள்ளைகளைத் துப்புரவு செய்ய வைப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் பள்ளிகளில் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்பிய செய்திகளைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஜப்பான் பள்ளியில் அது எல்லாப் பிள்ளைக்கும் முறை வைத்து வரும் வேலை. அந்த முறை என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் மாணவர்களும் வருகிறவர்களும் ஒரு நாள் சேர்ந்து வகுப்பறையைக் கூட்டட்டும், ஆசிரியர்களும் கூடவே. நீங்கள் போட்டிருக்கும் எந்த நிகழ்ச்சியைவிடவும் அது பெரிது என்று நினைக்கிறேன்.

அதனால் என் பதில் இதுதான், கே. வருகிறவர்களுக்கு வேலை கொடுங்கள். விருந்தாளியாக உட்கார்ந்தே இருப்பவருக்கு வீட்டின் முன்னறை மட்டும்தான் தெரியும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1915இல் நம் விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பானுக்குப் போனார். நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி அங்கேயும் உத்தரவு வந்தபோது, தோக்கியோவில் ஷிஞ்சுகுவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா குடும்பம் அவரைத் தங்கள் இடத்தில் ஒளித்து வைத்தது. அவர் அந்த வீட்டு அடுப்படிக்குள் போனார், நம் முறையில் கறி சமைத்துக் கொடுத்தார். பிறகு அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை மணந்தார். 1927இல் நகமுராயா இந்திய முறைக் கறிச்சோற்றைக் கடையிலேயே போட ஆரம்பித்தது, இன்றும் போடுகிறது. சோமா வீட்டார் அவரை மறைவிடத்தில் வைத்துத் தட்டை மட்டும் நீட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

சமையலைப் பற்றி: ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று இப்போதே அவர்கள் ஆசிரியரிடம் எழுதிக் கேளுங்கள், குறிப்பாக நிலக்கடலை. கடலை ஆகும் என்றால், 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. பொட்டலமாகக் கொடுக்காதீர்கள், பாகு காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். மாமியாரிடம் தூத்துக்குடியிலிருந்து கொஞ்சம் மாசிக் கருவாடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைக்கிறோம் இல்லையா? அவர்களுடைய கட்சுஓபுஷியும் அதே சூரைதான், சீவிப் போட்டுத்தான் சாற்றுக்கு ருசி ஏற்றுவார்கள். மாசியை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மிக்கு முன்னால் உட்காரவும் விடுங்கள்.

உங்கள் தமிழாசிரியரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சொன்ன ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பெரிய அறிஞர்தான். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் அவரும் சேர்ந்து செய்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய முடிவை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும்கூட, பதினேழு வயதுப் பிள்ளையை மேடையில் உட்காரவைத்து உன் மொழி எங்களுடையது என்று சொல்வது வரவேற்பு ஆகாது. பதிலாக, கரும்பலகையில் 'நான் நேற்று கோயிலுக்குப் போனேன்' என்று எழுதி, கீழே அவர்களை எழுதச் சொல்லட்டும்: வத்தாஷி வா, கினோ, தெரா நி, இத்தா. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'கு' நிற்கிற இடத்தில் 'நி' நிற்கும். பிறகு இரட்டைக்கிளவிக்குப் போகலாம். நமக்குப் பளபள, அவர்களுக்குப் பிகாபிகா. நமக்கு நெஞ்சு படபட, அவர்களுக்குத் தொகிதொகி. நம் சேவல் கொக்கரக்கோ, அவர்கள் சேவல் கொக்கேகொக்கோ. எங்கள் தெருப் பிள்ளைகள் இதை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடினார்கள்.

நிகழ்ச்சிகளில் பாதியை எடுத்துவிடுங்கள். பட்டுச்சேலை இருக்கட்டும், பெண்பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். மதியம் இரண்டு மணி நேரம் ஒன்றும் வைக்காதீர்கள். அவர்கள் தூங்கட்டும், அல்லது உங்கள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டட்டும். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாதே என்று பயப்பட வேண்டாம்.

கிளம்பும்போது அவர்கள் ஊர்ப் பலகாரமோ கைக்குட்டையோ இரண்டு கையாலும் நீட்டுவார்கள். நீங்களும் இரண்டு கையாலும் வாங்குங்கள். அந்தக் கோலத்துப் பெண் எங்கள் அக்காவுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் வைத்திருந்தாள்.

அவர்கள் வந்துபோன பிறகு எழுதுங்கள். மாசியை முகர்ந்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்
அக்கா