விசிஇயில் இலக்கியமா, ஆங்கிலமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மெல்பேர்னின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், இப்போது பத்தாம் ஆண்டு படிக்கிறாள். விசிஇ (விக்டோரியாவின் 11ஆம், 12ஆம் ஆண்டுச் சான்றிதழ்) பாடத்தெரிவுப் படிவத்தை அடுத்த மாதம் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கதைப் புத்தகம் கையில் இருந்தால் சாப்பாடும் வேண்டாம். அதனால் ஆங்கிலத்துக்குப் பதிலாக இலக்கியம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். பிசியோதெரபி படிக்கும் எண்ணமும் உண்டு. "இலக்கியத்தில் புள்ளி வராது, பேசாமல் ஆங்கிலத்தை எடு" என்கிறார் அவளுடைய அப்பா. தெரிந்தவர்களோ, இலக்கியம் எடுத்தால், பாடங்களுக்கிடையே புள்ளியைச் சமன்செய்யும் ஸ்கேலிங்கில் கூடும் என்கிறார்கள். இலக்கியம் மட்டும் படித்தால் பல்கலைக்கழகம் ஏற்குமா? எதை எடுப்பது நல்லது?

பதில்: ஏற்கும். அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். விக்டோரியாவில் ஆங்கிலம், ஆங்கில மொழியியல், இலக்கியம், புதிதாக வந்த பிள்ளைகளுக்கான ஈ.ஏ.எல். ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஆங்கிலத் தொகுதி. விசிஇ சான்றிதழுக்கு இந்தத் தொகுதியில் குறைந்தது 3 யூனிட் (ஒரு யூனிட் என்பது அரை ஆண்டுப் படிப்பு) முடிக்க வேண்டும். அதில் 12ஆம் ஆண்டுக்குரிய 3ஆம், 4ஆம் யூனிட்கள் கட்டாயம். அவற்றை இலக்கியத்திலேயே முடித்தாலும் போதும். பல்கலைக்கழகங்களின் நுழைவு நிபந்தனையில் "ஈ.ஏ.எல். அல்லாத ஆங்கிலத்தில் இத்தனை" என்று எழுதியிருந்தால் இலக்கியமும் அதற்குள் அடக்கம். பல பட்டப்படிப்புகள் ஸ்டடி ஸ்கோர் (ஒரு பாடத்தின் இறுதிப் புள்ளி) 25 கேட்கின்றன, ஈ.ஏ.எல். என்றால் 30. சில சுகாதாரப் படிப்புகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்பதால், பிசியோதெரபிக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் வீடாக் இணையத்தளத்தில் பெயர் பெயராகப் பார்த்து எழுதி வையுங்கள். அங்கே ஆங்கிலத்தோடு எந்த அறிவியல் பாடம் வேண்டும் என்பதும் இருக்கும். உண்மையில் அதுதான் உங்கள் மகளின் பாடப் பட்டியலை அதிகம் கட்டுப்படுத்தும்.

இனி ஸ்கேலிங். நம்மவர்கள் இரண்டு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. பொதுவாக இலக்கியம் கொஞ்சம் கூடும், ஆங்கிலம் கொஞ்சம் குறையும் என்பது சரிதான். 30 எடுத்தவருக்கு ஓரிரு புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். ஆனால் ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டடி ஸ்கோர் என்பது அந்தப் பாடத்தை எடுத்தவர்களுக்குள் உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்ற இடம்தான். நடு இடம் 30. 40க்கு மேல் போகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆங்கிலத்தைப் பல்லாயிரக்கணக்கானோர் எடுக்கிறார்கள், அவர்களில் பலர் கட்டாயத்துக்காக எடுத்தவர்கள். இலக்கியத்தை எடுப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான், பெரும்பாலும் விரும்பி வாசிப்பவர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பதே கடினம். அந்தக் கடினத்துக்கு ஈடாகத்தான் ஓரிரு புள்ளி சேர்க்கிறார்கள். அதை இலாபம் என்று நம்பிப் பாடம் எடுப்பது தவறு. இதே காரணத்தால், இலக்கியத்தில் புள்ளி வராது என்று பயந்து ஒதுங்குவதும் தவறு.

அப்பாவின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான ஏடார் தரவரிசைக் கணக்கில் முதலில் எடுப்பது ஒரு ஆங்கிலப் பாடத்தின் புள்ளி. அதோடு மற்றப் பாடங்களில் மிகச் சிறந்த மூன்றைச் சேர்ப்பார்கள். ஐந்தாவது, ஆறாவது பாடங்களிலிருந்து 10 வீதம் மட்டுமே சேரும். இரசாயனவியலில் பிள்ளை சறுக்கினால் அது ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுப் பெரிய சேதம் வராமல் போகலாம். ஆங்கிலப் பாடத்துக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் புள்ளி வந்தாலும் அது முழுதாகக் கணக்கில் நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆங்கிலப் பாடங்களில் எதை உங்கள் மகளால் இரண்டு வருடம், வாரா வாரம், வெறுப்பில்லாமல் செய்ய முடியும்?

அதற்கு இரண்டு பாடங்களிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆங்கிலத்தில் 12ஆம் ஆண்டுப் பரீட்சை 3 மணி நேரம். மூன்று பகுதிகள். ஒன்று, படித்த நூலைப் பற்றி ஒரு தலைப்புக்குப் பகுப்பாய்வுக் கட்டுரை. இரண்டு, சொந்தமாக ஒன்று எழுதுவது. போராட்டம், தனிப்பட்ட பயணம், நிலம், விளையாட்டு என்ற நான்கு கருப்பொருள்களில் பள்ளி தெரிந்தெடுத்த ஒன்றை வைத்து, கதையாகவோ உரையாகவோ கட்டுரையாகவோ எழுதலாம். மூன்று, முன்பின் பார்த்திராத ஒரு வாதத்தைக் கையில் தருவார்கள். அதை எழுதியவர் சொற்களாலும் படத்தாலும் வாசிப்பவரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். இந்த மூன்றாவது பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். பிள்ளைகள் விளம்பரமும் அரசியல் பேச்சும் கேட்டு வளர்கிற காலத்தில் இதைப் போலப் பயன்படும் பயிற்சி குறைவு. ஆங்கிலம் என்பது இலக்கியம் வராதவர்களுக்கான பாடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இலக்கியப் பரீட்சை 2 மணி நேரம், இரண்டு பகுதிகள். நூல்கள் கூடுதல்: நாவல், கவிதைத் தொகுப்பு, நாடகம் மூன்றும் வரும். ஒரு நூலைத் தானாக வாசித்து ஒரு கருத்துக்கு வந்த பிறகு, அதைப் பற்றிய விமர்சனம் ஒன்றையும் படித்து, தன் கருத்து எங்கே மாறுகிறது, எங்கே நிற்கிறது என்று எழுதுவது பாடத்தில் ஒரு பகுதி. பரீட்சையின் ஒரு பகுதியில் நூலிலிருந்து சில இடங்களை அச்சிட்டுத் தருவார்கள். வழக்கமான கட்டுரைத் தலைப்பு போல எதுவும் இருக்காது. அந்த வரிகளையே பிடித்து, எந்தச் சொல், எந்த உருவகம், எந்த வாக்கிய ஓட்டம் என்ன செய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து முழு நூலுக்கும் போக வேண்டும். தமிழ் இலக்கியப் பாடத்தில் ஒரு செய்யுளைத் தந்து நயம் கூறு என்பார்களே, அதை நாலு பங்கு ஆழமாகச் செய்வது போல என்று வையுங்கள். மனப்பாடம் இங்கே உதவாது. நம் பிள்ளைகளில் கெட்டிக்காரர்கள் சிலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நல்ல கட்டுரைகள் பத்தைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். அச்சிட்ட வரிகள் வேறு எதையோ கேட்கும்.

இதனால்தான், "கதைப் புத்தகம் என்றால் சாப்பாடும் வேண்டாம்" என்று நீங்கள் எழுதிய வரி எனக்குப் போதவில்லை. புத்தகப் பிரியமும் இலக்கியப் பாடப் பிரியமும் வேறு வேறு. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில் ஒரே இரவில் 400 பக்கம் வாசிக்கும் பிள்ளை, ஒரே பக்கத்தில் ஒரு வாரம் இருக்கச் சொன்னால் சலித்துப் போகலாம். அதிகம் வாசிக்காத ஒரு பிள்ளை, ஒரு கவிதையின் எட்டு வரியில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு இலக்கியம் பொருந்தும். முதலாவது பிள்ளைக்கு ஆங்கிலமே நல்லது, புத்தகங்கள் வீட்டில் இன்பமாகவே இருக்கட்டும்.

உங்கள் மகள் எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பணம் எதுவும் செலவில்லை. பாடத்திட்டத்தை நடத்தும் வி.சி.ஏ.ஏ.யின் இணையத்தளத்தில் பழைய வினாத்தாள்களும் பரீட்சகர் அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கும். அறிக்கைகளில் நல்ல விடைகளின் மாதிரிகளும் இருக்கும். இரண்டு பாடத்துக்குமாக அவளையே எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வாரவிடுமுறையில், அவளுக்குப் பிடித்த நூலில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதட்டும். கதைச் சுருக்கம் கூடாது. அடுத்த வாரவிடுமுறையில் ஒரு பத்திரிகையின் கருத்துக் கட்டுரையை எடுத்து, எழுதியவர் எப்படி வாதாடுகிறார் என்று எழுதட்டும். நீங்கள் திருத்தவும் வேண்டாம், புள்ளி போடவும் வேண்டாம். எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில், ஸ்கேலிங் அட்டவணையை விட நம்பத்தக்கது.

ஆங்கில மொழியியலையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. நாவல், கவிதை இல்லாமல் மொழி எப்படி இயங்குகிறது என்பதையே படிக்கும் பாடம் அது: ஒலி, சொல், இலக்கணம், யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது. அம்மம்மாவிடம் ஒரு மொழியும் நண்பர்களிடம் இன்னொன்றும் பேசி, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் பிள்ளைகளுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். அறிவியல் பக்கம் சாய்ந்த மனதுக்கும் அது நன்றாக ஒத்துவரும்.

சரி, உங்கள் வீட்டுக்கு என் ஆலோசனை இதுதான். 11ஆம் ஆண்டில் இடமிருந்தால் ஆங்கிலம், இலக்கியம் இரண்டையும் எடுக்கட்டும். 12ஆம் ஆண்டுக்கு ஒன்றை விட்டுவிடலாம். இலக்கியத்தின் 3ஆம் யூனிட்டுக்குப் போக 1ஆம், 2ஆம் யூனிட்கள் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை, ஆங்கிலத்துக்கும் அப்படியே. ஆகவே 11ஆம் ஆண்டு அவளுக்கு ஒரு சோதனை வருடமாக இருக்கலாம். 12ஆம் ஆண்டிலும் இரண்டையும் தொடரலாமா என்றால், விதி இடம் கொடுக்கிறது. கூடிய புள்ளி ஆங்கில இடத்துக்குப் போகும், மற்றது ஏனைய பாடங்களோடு போட்டியிடும். ஆனால் இரசாயனவியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றோடு வாரம் இரண்டு பெரிய கட்டுரை என்பது சுமை. சனிக்கிழமை தமிழ் வகுப்பும் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் இரண்டையும் எடுக்கும் பிள்ளை இரண்டிலும் களைத்துப் போவாள். இரண்டையும் ஆசையோடு எடுக்கும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

11ஆம் ஆண்டில் ஒன்றுக்கு மட்டும்தான் இடம் என்றால், மேலே சொன்ன பரீட்சார்த்தத்தில் அவள் அந்த ஒரு பக்கத்தோடு மகிழ்ச்சியாக இருந்தால் இலக்கியம். இல்லையென்றால் ஆங்கிலம். பிசியோதெரபி கனவை இந்த முடிவோடு முடிச்சுப் போட வேண்டாம்.

சிட்னியில் இருக்கும் உறவினர் ஆலோசனை சொன்னால் அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பின்பற்றாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் ஸ்டாண்டர்ட், அட்வான்ஸ்ட் என்று ஆங்கிலத்தையே படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. அதுபோல, இந்த நாட்டுக்கு வந்து 7 வருடத்துக்கு மேல் ஆகாத, ஆங்கில வழியில் படித்ததும் 7 வருடத்தைத் தாண்டாத பிள்ளைகள் உங்கள் உறவில் இருந்தால் அவர்கள் ஈ.ஏ.எல். பற்றிப் பள்ளியில் கேட்க வேண்டும். உங்கள் மகள் இங்கே பிறந்து படித்தவள், அவளுக்கு அது இல்லை.

படிவத்தைக் கொடுக்க முன் பள்ளியில் மூன்று விஷயம் கேளுங்கள். அடுத்த வருடம் இலக்கிய வகுப்பு உண்மையிலேயே நடக்குமா, அல்லது ஆள் குறைந்தால் நிறுத்துவார்களா? யார் படிப்பிப்பார், அவர் 12ஆம் ஆண்டு இலக்கியத்தை முன்பு படிப்பித்திருக்கிறாரா? வருடத் தொடக்கத்தில் மாற விரும்பினால் எந்தத் திகதி வரை விடுவார்கள்? பள்ளிச் சோதனைகள் 50 வீதம், இறுதிப் பரீட்சை 50 வீதம் என்பதால் வகுப்பில் கற்பிப்பவரின் கை இதில் பெரியது. இலக்கியத்துக்கு வெளியே ரியூசன் கிடைப்பதும் ஆங்கிலத்தைப் போல எளிதல்ல. இந்தக் கேள்விகளை மகளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய சந்தேகங்களுக்கு அந்த ஆசிரியரே நேரில் பதில் சொல்லட்டும்.