நடுவில் கடல் வந்தால்: சொந்த வண்டியில் நெடும்பயணம், கேள்வி பதில்

சொந்த வண்டியில் நாடு நாடாகப் போக நினைப்பவர்கள் பலரும் வரைபடத்தில் நீலம் தெரிந்ததும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பயணிகள் கப்பலிலும் சரக்குக் கப்பலிலும் பலமுறை வண்டியை ஏற்றி இறக்கியவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் என்பதுவரை எழுதிவிட்டோம். இனி கப்பலைப் பதிவு செய்வதுதான் பாக்கி. எப்போது செய்யலாம்?

கப்பலை முதலில் பாருங்கள், சாலையைப் பிறகு எழுதுங்கள். சாலையில் ஒரு நாள் வீணானால் மறுநாள் கூடுதலாக ஓட்டிச் சரிசெய்துவிடலாம். கப்பல் உங்களுக்காக நிற்காது.

எந்தக் கடல் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. ஸ்பெயினின் அல்ஜெசிராஸிலிருந்து மொராக்கோவின் டான்ஜியர் மெட் துறைமுகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் பல கப்பல்கள் உண்டு. ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறலாம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மட்டும் கவனம் தேவை. ஐரோப்பாவில் வாழும் மொராக்கோ குடும்பங்கள் வண்டி நிறையச் சாமான்களுடன் ஊர் திரும்பும் காலம் அது.

டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸிலிருந்து ஃபாரோ தீவுகள் வழியாக ஐஸ்லாந்து போவதாக இருந்தால் கணக்கே வேறு. ஐஸ்லாந்துக்கு வாரம் ஒரு கப்பல்தான். தவறவிட்டால் ஒரு வாரம் போயிற்று. இறங்கும் ஊரிலிருந்து வெளியேற, ஏறத்தாழ 600 மீட்டர் உயர மலைக்கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பனி மூடியிருக்கும். இப்படிப்பட்ட கப்பல் பயணத்துக்கு முன்னால் இரண்டு முழு நாட்களைக் காலியாக விடுங்கள். அந்த நாட்களில் எதையும் நிரப்பாதீர்கள்.

கேள்வி: அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் முனைவரை ஒரே நெடுஞ்சாலை என்கிறார்களே, பிறகு எதற்குக் கப்பல்?

நடுவில் ஓர் அறுபடல் இருக்கிறது. பனாமாவின் யாவிசாவில் சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குச் சதுப்பும் அடர்காடும்தான். டேரியன் இடைவெளி என்பது இதுதான். பெரும்பாலோர் பனாமாவின் கொலோன் துறைமுகத்தில் வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றி, கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் தனியாக விமானத்தில் போய்ச் சேர வேண்டும். 40 அடிப் பெட்டியை இரண்டு வண்டிக்காரர்கள் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். ஆகவே துணையை முன்கூட்டியே தேடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் பனாமா போலீஸார் சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலை நின்றுவிடும். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே சரிபாருங்கள்.

கேள்வி: கன்டெய்னரா, ரோ-ரோ கப்பலா? என்னுடையது கூரைக் கூடாரம் உள்ள ஜீப்.

ரோ-ரோ என்றால் துறைமுக ஊழியரே வண்டியை ஓட்டி உள்ளே கொண்டுபோவார். சாவி அவர்கள் கையில் இருக்கும். உள்ளே சொந்தப் பொருள் வைக்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை; அனுமதித்தாலும் நான் வைக்க மாட்டேன். ஒரு முறை கருவிப்பெட்டியை இழந்த பிறகு எடுத்த முடிவு இது. கன்டெய்னரில் முத்திரை வைத்து மூடுவதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். என் விருப்பம் அதுதான். ஆனால் உயரத்தை அளந்துவிடுங்கள். சாதாரணப் பெட்டியின் வாசல் உயரம் சுமார் 2.28 மீட்டர், உயரம் கூடிய ரகத்தில் சுமார் 2.58 மீட்டர். கூடாரத்தோடு சேர்த்து அளக்க வேண்டும். ரோ-ரோ, கன்டெய்னர் இரண்டிலும் எரிபொருள் கால் டாங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்புவதாக இருந்தால் வண்டியில் ஒட்டிய மண்ணும் விதையும் பூச்சியும்தான் பெரிய தலைவலி. சக்கர வளைவின் உட்புறம், ரேடியேட்டர் இடுக்கு, கம்பளத்தின் அடி என ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். அழுக்கு கண்ணில் பட்டால் உங்கள் செலவில் சுத்தம் செய்யவைப்பார்கள்.

கேள்வி: கார்னே என்கிறார்களே, அது கட்டாயமா?

கார்னே டி பாசேஜ் என்பது வண்டிக்கான சுங்க உறுதிச் சீட்டு. "இந்த வண்டியை இவர் விற்காமல் திரும்ப எடுத்துப்போவார், தவறினால் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று உங்கள் நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் உங்களுக்காகப் பொறுப்பேற்கிறது. அதற்கு ஈடாக உங்களிடமிருந்து பெரிய பிணைத்தொகை வாங்கிக்கொள்ளும். ஓராண்டு செல்லும். ஈரான், பாகிஸ்தான், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு இது வேண்டும். மொராக்கோவுக்கு வேண்டாம், எல்லையிலேயே தற்காலிக இறக்குமதிப் பதிவு செய்து தருவார்கள்.

ஒவ்வொரு தாளும் மூன்று பகுதி: நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று, உங்களிடம் தங்கும் அடிக்கட்டை. அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் இருந்தால்தான் பிணைத்தொகை திரும்பும். ஒரு துறைமுகத்தில் நள்ளிரவில் கப்பல் கிளம்பும் அவசரத்தில் வெளியேற்ற முத்திரை வாங்காமல் ஏறிவிட்டேன். வண்டி வேறு நாட்டில் இருக்கிறது என்று அத்தாட்சி பெற்று அனுப்பி, பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. கூட்டம் நெருக்கினாலும், பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் முத்திரையைப் பார்க்காமல் நகராதீர்கள்.

கேள்வி: சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று போதுமா?

எல்லா நாடுகளுக்கும் ஒன்றே போதாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என இரண்டு வகை உண்டு. முன்னது ஓராண்டுக்கு, பின்னது அதிகபட்சம் மூன்றாண்டுக்கு. போகும் நாடுகள் எதை ஏற்கின்றன என்று பார்த்து வாங்குங்கள். அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: இரவுக் கப்பலில் குழந்தைகளோடு போகிறோம். வண்டியிலேயே தூங்கலாமா, அம்மா?

பெரும்பாலான கப்பல்களில் முடியாது. கப்பல் கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், காலைவரை திறக்க மாட்டார்கள். மருந்து, மாற்றுடை, போர்வை, கடவுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு வைத்து, வண்டியை விட்டு இறங்கும்போதே தூக்கிக்கொள்ளுங்கள். குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, திருட்டு அலாரத்தின் அசைவு உணரியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் அது அலறி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளுக்கு?

வண்டியை இறுக்கிக் கட்டிவைக்கச் சொந்தமாக நான்கு பட்டைகள் கொண்டுபோங்கள். கப்பலில் தரும் கயிறு எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும்.

கேள்வி: கப்பல் மாலை 5 மணிக்குச் சேர்கிறது. அன்றே 400 கிலோமீட்டர் போய்விடத் திட்டம். முடியுமா?

வேண்டாம் தம்பி. வண்டிகள் இறங்க நேரமாகும், சுங்க வரிசை நீளும், புதிய நாட்டுக்கான வண்டிக் காப்பீட்டைத் துறைமுகத்திலேயே வாங்க வேண்டியிருக்கலாம். இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ் போவதைப்போல இடப்பக்கம் ஓட்டிய கை வலப்பக்கத்துக்கு மாறுவதாக இருந்தால், தூக்கக் கலக்கத்தோடு இருட்டில் பழகுவது ஆபத்து. துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் அன்றிரவுக்கு அறை எடுங்கள். அந்த 400 கிலோமீட்டரை மறுநாள் வெளிச்சத்தில் ஓட்டுங்கள்.