இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் கனடியக் கடவுச்சீட்டில் இலங்கைக்குப் போகலாமா?

கேள்வி: பருத்தித்துறையில் பிறந்த நான் 1990களில் அகதியாகக் கனடாவுக்கு வந்து, பின்னர் கனடியக் குடியுரிமை பெற்றேன். அண்மையில் இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடைத்தது. இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால், கனடியக் குடியுரிமை மட்டும் உள்ள மனைவியையும் 15 வயது மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஊரில் நிற்க விரும்புகிறேன். கனடியக் கடவுச்சீட்டிலேயே போய்வரலாமா? வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போவதுதான் பாதுகாப்பு என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியா? இங்கே நிரந்தர வதிவிட உரிமையுடன் இருக்கும் மனைவியின் தம்பியும் வர நினைக்கிறார். அம்மா காணி ஒன்றை எங்கள் பெயருக்கு எழுதவும் விரும்புகிறார். – ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போகலாம். இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கனடியக் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குபவருக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. அம்மாவின் நிலை அவசரமானது என்றால், இலங்கைக் கடவுச்சீட்டு வரட்டும் என்று காத்திருக்காமல் புறப்படுங்கள். ஆனால் கனடியக் கடவுச்சீட்டு அங்கே உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் என்ற எண்ணத்தில் புறப்பட வேண்டாம். அந்த எண்ணம் பிழையானது. அதற்கான காரணம் தெரிந்தால் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கும் வழி பிறக்கும்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தன் விருப்பத்தில் இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும்போது அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே இல்லாமற்போகிறது. அதற்கென்று யாரும் கடிதம் அனுப்புவதில்லை. மேசை இலாச்சிக்குள் கிடக்கும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் காலாவதியாகவில்லை என்பதாலோ, தேசிய அடையாள அட்டை கையில் இருக்கிறது என்பதாலோ இழந்த பிரஜாவுரிமை மீண்டும் வந்துவிடுவதுமில்லை. 1987இல் கொண்டுவரப்பட்ட திருத்தம்தான், இழந்தவர் மீளப்பெறவும், இழக்கப்போகிறவர் தக்கவைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்க வழிவிட்டது. 2011இல் நிறுத்திவைக்கப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கிய அந்த நடைமுறையின் வழியாகத்தான் உங்களுக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடியர்கள் அனைவரும் இரட்டைப் பிரஜைகள் அல்லர். நீங்கள் இரட்டைப் பிரஜை. உங்களைப் போலவே கனடியக் குடியுரிமை எடுத்து, மீளப்பெற விண்ணப்பிக்காமல் இருக்கும் உங்கள் மனைவி, எங்கே பிறந்திருந்தாலும் இலங்கைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே.

இதனால் ஒரே குடும்பமாக விமானத்தில் ஏறும் நீங்கள் மூவரும் இறங்கும்போது இருவேறு சட்ட நிலைகளில் நிற்பீர்கள். நீங்கள் பிரஜை என்பதால் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை உங்களுக்கு உரிமையாகவே தருகிறது; தங்குவதற்கு நாட்கணக்கும் இல்லை. மனைவியும் மகனும் அனுமதியின் பேரில் வருபவர்கள். அவர்கள் புறப்படுமுன் ஈடிஏ எனப்படும் இலத்திரனியல் பயண அனுமதியை எடுக்க வேண்டும். அதில் கிடைப்பது 30 நாட்கள். நீங்கள் இரண்டு மாதம் நிற்கப்போவதால், அந்த 30 நாட்கள் முடியுமுன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாக நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தகப்பனின் சான்றிதழ் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று நினைத்து நீடிப்பை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் உங்கள் ஒருவருக்கு மட்டுமே உரியது. மகனுக்கோ மனைவிக்கோ அது தானாகச் செல்லாது.

நீங்களும் வசதிக்காக அவர்களோடு சேர்ந்து ஒரு ஈடிஏ எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். செய்ய வேண்டாம். அப்படிச் செய்தால், பிரஜையாக இருந்தும் சுற்றுலாப் பயணியாகப் பதிவாகி, தேவையில்லாத 30 நாள் எல்லைக்குள் உங்களை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

கனடியக் கடவுச்சீட்டும் சான்றிதழும் போதுமென்றால் இலங்கைக் கடவுச்சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். சிக்கல் பெரும்பாலும் இலங்கை அதிகாரியிடம் வருவதில்லை. ரொறன்ரோவில் விமான நிறுவனத்தின் பதிவு மேசையில் வருகிறது. அங்கே நிற்கும் ஊழியருக்குத் தெரிந்ததெல்லாம் கனடியக் கடவுச்சீட்டு என்றால் ஈடிஏ வேண்டும் என்பதே. இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழை அவர் வாழ்நாளில் பார்த்திராமல் இருக்கலாம். மேலாளரை அழைத்து, கணினியில் விதியைத் தேடிப் பார்த்து முடியும்வரை நீங்கள் பொறுமையாக நிற்க வேண்டியிருக்கும். எனவே இம்முறை போகும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே விமான நிலையத்துக்குச் செல்லுங்கள். சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

இந்தத் தொல்லை இல்லாமல் போய்வர, அடுத்த பயணத்துக்கு முன் இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துவிட்டு இரண்டையும் கொண்டு செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஒட்டாவாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயம் அல்லது ரொறன்ரோவில் உள்ள துணைத்தூதரகம் ஊடாக விண்ணப்பித்தால் அது கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் காலம் எடுக்கும். ஊரில் நிற்கும் இரண்டு மாதத்திலேயே விண்ணப்பிப்பது சுலபம். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பரில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் பிரஜாவுரிமைப் பிரிவு பத்தரமுல்லைத் தலைமையகத்தில் இருப்பதால், சான்றிதழில் ஏதேனும் சந்தேகம் எழுந்தால் அங்கேதான் தீர்க்க முடியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கனடியக் கடவுச்சீட்டில் உள்ளே வந்தவர், இடையில் புதிய இலங்கைக் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டாலும், அந்தப் பயணத்தில் கனடியக் கடவுச்சீட்டிலேயே வெளியேறுவது நல்லது. புதிதில் உள்வருகை முத்திரை இராது. எப்படி வந்தீர்கள் என்ற கேள்விக்கு நடுச்சாமத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

இரண்டு கடவுச்சீட்டுகளோடு போகும்போது எதை எங்கே நீட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைக் காட்ட வேண்டுமோ அந்த நாட்டின் கடவுச்சீட்டைக் காட்டுவதே விதி. ரொறன்ரோவில் விமான நிறுவனத்திடம் இரண்டையும் காட்டலாம். கட்டுநாயக்கவில் இறங்கியதும் இலங்கையர் வரிசையில் இலங்கைக் கடவுச்சீட்டு. திரும்பும்போது விமான நிறுவனத்தின் மேசையில் கனடியக் கடவுச்சீட்டு. ஏனெனில் இலங்கைக் கடவுச்சீட்டில் கனடிய விசா இல்லாததால் அதைக் கண்டு உங்களை ஏற்றமாட்டார்கள். அதைத் தாண்டிக் குடியகல்வு அதிகாரியிடம் வந்ததும் மீண்டும் இலங்கைக் கடவுச்சீட்டு. விசா எங்கே, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவோர் செய்யும் வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எங்கே என்று அவர் கேட்டால் கனடியக் கடவுச்சீட்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டுங்கள். சான்றிதழ் பெற்ற இரட்டைப் பிரஜைக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தயங்குவதும் மழுப்புவதும்தான் தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பும். இலண்டன் வழியாகப் போனால் இடைத்தங்கலிலும் கனடியக் கடவுச்சீட்டையே பயன்படுத்துங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே இடைமாறவும் விசா கேட்பார்கள். 2016 நவம்பர் 10 முதல், இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர்கள் கனடாவுக்கு விமானம் ஏறச் செல்லுபடியான கனடியக் கடவுச்சீட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருப்பதால், புறப்படுமுன் அதன் காலாவதித் திகதியைப் பாருங்கள்.

பெயர் விடயம் சிறியதுபோலத் தோன்றினாலும் நம்மவர்களுக்கு அதுதான் பெரிய தலையிடி. இலங்கைப் பத்திரங்களில் தகப்பனின் பெயர் முன்னே வரும். கனடாவில் யாரோ ஒரு எழுதுவினைஞர் அதைக் குடும்பப் பெயராக்கிப் பின்னே தள்ளியிருப்பார், சிலருக்கு எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ், கனடியக் கடவுச்சீட்டு ஆகிய மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கனடியக் குடியுரிமைச் சான்றிதழின் பிரதியும், பெயர் மாற்றப் பத்திரம் இருந்தால் அதுவும் உங்களோடு வரட்டும். பயணச்சீட்டு கனடியக் கடவுச்சீட்டில் உள்ள பெயரில் இருக்க வேண்டும்.

இனிப் பாதுகாப்புப் பற்றிய கேள்வி. ஒருவர் தன் இரண்டு நாடுகளில் ஒன்றினுள் நிற்கும்போது அந்த நாட்டுக்கு எதிராக மற்ற நாடு அவருக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு வழங்க முடியாது என்ற கோட்பாடு 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையிலேயே, அதன் 4ஆம் உறுப்புரையில், எழுதப்பட்டது. இன்றும் அரசுகள் பெரும்பாலும் அதன்படியே நடக்கின்றன. இரட்டைப் பிரஜைகளுக்கு இலங்கையில் தன்னால் வழங்கக்கூடிய தூதரக உதவி மட்டுப்படலாம் என்று கனடாவும் தன் பிரஜைகளை எச்சரிக்கிறது. நீங்கள் கனடியக் கடவுச்சீட்டை நீட்டி உள்ளே போனாலும், அதில் பிறந்த ஊர் அச்சிடப்பட்டிருக்கும், உங்கள் சான்றிதழ் திணைக்களத்தின் பதிவில் இருக்கும். உங்களைப் பிரஜையாக நடத்த இலங்கை அரசுக்கு வேறொன்றும் தேவையில்லை. (தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அரசு உங்களை முழுப் பிரஜையாக ஏற்காது: 2022இன் 21ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரட்டைப் பிரஜைகளுக்கு நாடாளுமன்றத்தின் கதவை மீண்டும் மூடிவிட்டது.)

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுகள் பற்றிய அச்சம் நம் சமூகத்தில் வெறுங்கற்பனை அல்ல. ஆனால் அதற்கான முன்னெச்சரிக்கை வேறு. 1968ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, தடைசெய்யப்பட்ட ஆட்களினதும் அமைப்புகளினதும் பட்டியல் வர்த்தமானியில் வெளியாகிறது. அது 2014, 2021, 2022 என்று பலமுறை கூட்டியும் குறைத்தும் திருத்தப்பட்டிருக்கிறது. புலம்பெயர் அமைப்பு ஒன்றில் பொறுப்பில் இருந்தவர்கள், தங்கள் பெயரோ அமைப்போ அண்மைய பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, ஐயமிருந்தால் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைக் கலந்த பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும். சமூக ஊடகப் பதிவுகளுக்காகவும் ஆட்கள் கைதாகியிருப்பதால், கைபேசியில் என்ன இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியதே. அத்தகைய பின்னணி எதுவும் இல்லாதவர் வீணாக அஞ்ச வேண்டியதில்லை.

அகதியாக வந்த உங்களின் கனடியக் குடியுரிமை, ஊருக்குப் போவதால் பறிபோகாது. அகதிப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டப்பிரிவு குடியுரிமை பெற்றவரைத் தொடுவதில்லை. உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது மனைவியின் தம்பி பற்றிய ஒரு வரிதான். அவர் மணத்தொடர்பிலோ குடும்ப அனுசரணையிலோ வந்தவரென்றால் பிரச்சினையில்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு அதன் வழியாக நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரென்றால், அவர் இப்போது வரவே கூடாது. 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டத் திருத்தத்தின்படி, அப்படிப்பட்டவர் தன் நாட்டின் பாதுகாப்பை விருப்பத்தோடு மீண்டும் நாடினார் என்று தீர்ப்பானால், அகதி நிலையோடு நிரந்தர வதிவிட உரிமையையும் இழப்பார். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதைக் கொண்டு இந்தியா போன்ற மூன்றாம் நாட்டுக்குப் போவதும்கூட அவருக்கு எதிரான சான்றாகலாம். அகதிகளுக்கான பயணப் பத்திரமும் இலங்கைக்குச் செல்லுபடியாகாது. கனடியக் குடியுரிமை கைக்கு வந்த பின் அவர் தாராளமாகப் போகட்டும்.

காணியைப் பொறுத்தவரை, வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இரட்டைப் பிரஜைகளுக்கு விலக்களித்திருக்கிறது. ஆகவே அம்மா உங்கள் பெயருக்கு எழுதலாம். நொத்தாரிசுவிடம் போகும்போது சான்றிதழின் மூலத்தையும் பிரதியையும் கொடுத்து, அதன் இலக்கத்தைக் காணி உறுதியிலேயே குறிப்பிடும்படி கேளுங்கள். மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதும் எண்ணம் இருந்தால் அதை ஒத்திவையுங்கள். அவர் இன்னும் வெளிநாட்டவர் என்பதால் அந்தச் சட்டம் குறுக்கே வரும். முதலில் அவரும் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறட்டும். அவருடைய பங்கை அதன் பின்னர் நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.