பூமியும் வெள்ளியும் இரட்டைப் பிறவிகளா?

கேள்வி: வெள்ளியைப் பூமியின் இரட்டைச் சகோதரி என்கிறார்களே, அவ்வளவு ஒற்றுமையா?

அளவில் மட்டும் ஒற்றுமை. பூமியின் விட்டம் 12,742 கி.மீ., வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ. நிறையில் பூமியின் 81 சதவீதம். இங்கே 60 கிலோ காட்டும் எடை எந்திரம் அங்கே 54 காட்டும். இரண்டுமே பாறைக் கோள்கள். மற்றபடி, உள்ளே நுழைந்து பார்த்தால் சொந்தம் என்றே சொல்ல முடியாது.

கேள்வி: சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வெள்ளி கொதிக்கிறது. இதில் என்ன புதிர்?

பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்றால், இன்னும் நெருங்கியிருக்கும் புதன் அல்லவா அதிகம் கொதிக்க வேண்டும்? புதனில் பகலில் 430 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 180. வெள்ளியிலோ இரவும் பகலும் ஏறக்குறைய 465 டிகிரி. ஈயம் உருகி ஓடும் சூடு. வெள்ளியின் மேல் விழும் வெயில் பூமியைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்குதான். அதிலும் முக்கால் பங்கை மேகங்களே திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் போட்டால், வெள்ளி உள்ளே வாங்கிக்கொள்ளும் வெயில் பூமி வாங்குவதைவிடக் குறைவு! வாங்கியதை வெளியே விடாததுதான் சிக்கல். அங்கே காற்றில் 96 சதவீதம், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு. தரையில் அழுத்தமோ இங்குள்ளதைப் போல் 92 மடங்கு.

கேள்வி: அப்படியானால் பூமியில் மட்டும் ஏன் அந்த வாயு இவ்வளவு குறைவு?

நல்ல கேள்வி. குறைவு இல்லை, ஒளிந்திருக்கிறது. ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். ஓட்டின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். வெள்ளியின் காற்றில் நிறைந்திருக்கும் அதே வாயுதான் அது. இங்கே மழைநீர் அந்த வாயுவைக் கரைத்துப் பாறைகளை அரிக்கிறது. கரைந்தது ஆற்றோடு கடலுக்குப் போகிறது. சிப்பியும் பவளமும் அதை ஓடாக்குகின்றன. அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகிறது. பூமியின் சுண்ணாம்புப் பாறை முழுவதையும் பிரித்து வாயுவை வெளியே விட்டால், நம் காற்றும் வெள்ளியின் காற்றைப் போலக் கனத்துவிடும்.

ஆக, வாயுவை ஒளித்துவைக்கும் வேலையைச் செய்வது தண்ணீர். வெள்ளியில் இருந்த தண்ணீர் ஆவியாக மேலே போய், புற ஊதாக் கதிரில் உடைந்து, எடை குறைந்த ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டது. எப்படித் தெரியும்? தப்ப முடியாத கன ஹைட்ரஜன் அங்கே மிஞ்சிக் கிடக்கிறது. சாதா ஹைட்ரஜனோடு அதற்குள்ள விகிதம் பூமியில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கும் மேல்.

கேள்வி: வெள்ளியில் ஒரு நாள், ஓர் ஆண்டைவிட நீளமாமே?

தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அந்தக் கணக்கில் சரி. ஆனால் அது தலைகீழாகச் சுழல்வதால், ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயத்துக்கு 117 பூமி நாட்கள்தான் ஆகும். உதயம் மேற்கே. மேக மூட்டத்தில் அதைப் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: நமக்கு மிக அருகில் வருவது செவ்வாயா, வெள்ளியா?

வெள்ளி. கிட்டே வரும்போது சுமார் 4 கோடி கி.மீ. செவ்வாய் வந்தாலும் 5.5 கோடிதான்.

கேள்வி: மனிதர் அங்கே இருக்கவே முடியாதா?

தரையில் முடியாது. 50 கி.மீ. உயரத்துக்கு மேலே போனால் அழுத்தமும் வெப்பமும் நம் ஊர்ப் பக்கம் வந்துவிடுகின்றன. 1985இல் சோவியத் நாட்டின் வேகா விண்கலங்கள் விட்ட பலூன்கள் அங்கே ஏறக்குறைய இரண்டு நாள் மிதந்தன. சுற்றிலும் கந்தக அமில மேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தரையில் ஏதாவது கலம் இறங்கியிருக்கிறதா?

சோவியத் நாட்டின் வெனரா கலங்கள். 1970இல் வெனரா 7 தரையிலிருந்து 23 நிமிடம் சமிக்ஞை அனுப்பியது. 1982இல் 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்த வெனரா 13 கலம் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதே வாரம் இறங்கிய வெனரா 14இன் கதைதான் எனக்குப் பிடித்தது. கேமரா மூடி திட்டப்படி கழன்று விழுந்தது. அப்புறம் மண்ணின் இறுக்கத்தை அளக்க ஒரு கை நீண்டது. அது நேராகப் போய் இறங்கியது அந்த மூடியின் மேல்!